வாத்தியாருக்கு ஒப்பாரி

ஃபோகோ தீவில், வாத்தியார் அன்செல்மோவின் தலைமாட்டில் உட்கார்ந்து பிபியானா ஒப்பாரி வைக்கிறாள். சன்னல் வெயிலில் பிணத்தின் கோட்டுப் பொத்தான்கள் பளபளக்கின்றன. வகுப்பில் தீவின் கிரியோல் மொழியைப் பேசியதற்காக அவளை எரிமலைச் சரளையில் முட்டிபோட வைத்தவர். அதே கிரியோலில் இப்போது மாரடித்துக்கொண்டு பாடுகிறாள்: "என் ராசா, போற எடத்துல உன் முட்டிக்கடியிலயும் சரளை கொட்டிவைக்கட்டும். நீ வாயத் தொறந்தா புழுதான் பதில் சொல்லட்டும்." சிறுவயதிலேயே லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, கிரியோல் புரியாமலே வளர்ந்த அவர் மகன்கள் இருவரும் அவள் தோளைப் பற்றிக்கொண்டு தேம்புகிறார்கள். சுவரோரப் பெண்கள் சிரிப்பை அடக்க முக்காட்டுத் துணியை வாயில் திணித்துக்கொள்கிறார்கள். ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்ட அவர் மனைவி டொமிங்காஸ் மெல்ல எழுந்துவந்து தண்ணீர்க் குவளையை நீட்டுகிறாள். "குடிச்சுக்க பிபியானா, தொண்ட கட்டிக்கப்போவுது. இந்த வீட்டுக்குள்ள என்னையும் நம்ம பாஷையில வாயத் தொறக்க விடல. அதையும் சேத்து அழு."