ஸ்டிக்கரைக் கிழித்தவர்

“கிழிச்சது நீங்கதானே? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லுங்க!”

வாசலில் நின்றே கத்தினார் ஹார்டுவேர் கடைக்காரர். தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவருக்குப் பின்னால் பேக்கரிக்கார அம்மா, தையல்கடைக்காரர், தச்சுப் பட்டறைக்காரர். நான்கு பேர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

உள்ளே நாற்காலியில் இருந்த கறார் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஆமா, நான்தான். பிளேடு வெச்சுச் சுரண்டினேன்.”

யார் கேட்டாலும் விலையைக் குறைக்கமாட்டார் என்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர் கறார். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே விழிப்பார்.

கடையின் கண்ணாடிக் கதவில் பாதி ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘நம் தெருவில் வாங்குவோம், நம் தெருவை வாழவை’ வரைக்கும் இருந்தது. மிச்சம் சுருண்டு அவர் காலடியில் கிடந்தது. அன்று காலை, கடைகள் திறக்கும் முன்பே நாற்பது கதவுகளிலும் சங்கத்து ஆட்கள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முப்பத்தொன்பது கதவுகளில் அது பளபளவென்று இருந்தது.

“எவ்வளவு திமிர் இருக்கணும்!” என்றார் பேக்கரிக்கார அம்மா. “தெருமுனைல அந்த ராட்சசக் கடை வந்து ஒரு வருஷம் ஆகுது. அதுக்குள்ள நாலு பேர் மூடிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிற நாம ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். என் மாவு மூட்டைச் சாக்கு தையல்கடைக்குப் போகுது, கடைப்பையாத் திரும்பி வருது. பட்டறை மரத்தூள் செடிக்கடைக்குப் போகுது. ஒரு பொருள் வீணாகல. இவ்வளவு பாடுபட்டுக் கட்டினதை நீங்க ஒரு பிளேடால சுரண்டுவீங்களா?”

“ஜனங்க செல்போனைத் தட்டுறாங்க, வாசல்ல கொண்டுவந்து கொட்டிட்டுப் போறான்” என்றார் தலைவர். “பக்கத்துல ஒரு கடை இருக்குங்கிற நினைப்பே அவங்களுக்கு இல்ல. கொஞ்சமாவது உறைக்கட்டும்னுதான் இந்த ஸ்டிக்கர். அதை நம்ம ஆளே கிழிச்சா அந்த ராட்சசக் கடைக்காரன் சிரிக்கமாட்டானா?”

கறார் பிளேடைத் துடைத்து உறையில் போட்டார். அது அவர்களை இன்னும் கொதிக்க வைத்தது.

“அவன் உங்களுக்கு என்னய்யா கொடுத்தான்?” என்றார் தச்சர்.

இது அநியாயம். இருபது வருடமாகப் பக்கத்துக் கடையில் இருக்கிறவரைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்வியா? கறாரின் காது மடல்கள் சிவந்தன.

தையல்கடைக்காரர் நெளிந்தார். அவர் கறாரின் மனைவிக்குத் தம்பி. “மாமா, அக்கா முகத்துக்காகச் சொல்றேன். தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிடுங்க, வேற ஸ்டிக்கர் தர்றோம். இல்லேன்னா இன்னிக்கே சங்கத்துலேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் தெருவுல ஒருத்தரும் உங்களுக்கு வேலை தரமாட்டாங்க.”

“இப்ப மட்டும் யார் தர்றாங்க மச்சான்?”

அதில் பொய் இல்லை. மூன்று மாதமாகக் கடையில் அவர் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த மாதமும் இப்படியே போனால் கதவை இழுத்து மூடிவிட்டு, மகள் வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

“காலத்துக்குத் தகுந்த மாதிரி நீங்களும் மாறணும். அதுக்கு ஸ்டிக்கர் என்ன பண்ணும்?” என்றார் தலைவர்.

கறார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“மச்சான், இந்தச் சட்டை யார் தெச்சது?”

“நான்தான் மாமா.”

“இந்த நாற்காலி?”

“என் பட்டறைல செஞ்சது” என்றார் தச்சர்.

“காலைல நான் தின்ன ரொட்டி?”

“எங்கிட்ட வாங்கினதுதான்” என்றார் பேக்கரிக்கார அம்மா. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இந்தக் கதவுப் பூட்டு?”

“எங்க கடைப் பூட்டுதான். அதுக்கு என்ன இப்ப?” என்றார் தலைவர்.

“இந்த ஒரு வருஷத்துல அந்த ராட்சசக் கடை வாசப்படிய நான் மிதிச்சதில்ல. ஒரு ஊசிகூட அங்க வாங்கினதில்ல. என்னைப் பார்த்து அவன் என்ன கொடுத்தான்னு கேக்குறீங்க!”

“அப்புறம் எதுக்குக் கிழிச்சீங்க?”

கறார் குனிந்து கீழே கிடந்த துண்டை எடுத்தார். விரலால் நீவிச் சுருக்கம் எடுத்து, பேக்கரிக்கார அம்மாவிடம் நீட்டினார்.

“அடியில பொடி எழுத்து இருக்கு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிங்கம்மா.”

அவர் துண்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணை இடுக்கினார். படிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ‘அச்சிட்டது’ என்று போட்டு, அங்கே இருந்தது தெருமுனை ராட்சசக் கடையின் பெயர்தான்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள்.

“அது... அவசரம்... முந்தாநாள் செல்போன்ல தட்டினேன், நேத்தே வாசல்ல வந்து...”

தலைவரின் கை சட்டைப்பையிலிருந்த செல்போனை மூடிக்கொண்டது.

“நம்ம தெருவுல இருக்கிறது ஒரே ஒரு அச்சாபீஸ்” என்றார் கறார். “அதோட கதவுலயே இதைக் கொண்டுவந்து ஒட்டிட்டுப் போயிருக்கீங்க!”