கடைசி அம்பு

குண்டனின் தோளில் வலி விண்விண்ணென்று தெறிக்கிறது. மாவுக் கிடங்கில் மூட்டை சுமந்து தேய்ந்த தோள். எண்கள் போட்ட வட்டப் பலகையில் சிற்றம்பு எறியும் 'டார்ட்ஸ்' போட்டியின் இறுதி ஆட்டம். கையில் கடைசி அம்பு. பதினாறாம் எண்ணின் ஓரத்து வளையத்தில், சுண்டுவிரல் அகலமே உள்ள பட்டையில் அது குத்தினால் கோப்பை இவனுக்கு. தவறினால் அடுத்து எறியப்போகிறவன் விடமாட்டான். பலகைமேல் மட்டும் வெள்ளை வெளிச்சம். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. முன்வரிசையிலிருந்து பழைய கூட்டாளி நெட்டையனின் குரல்: "சங்கு ஊதப்போறான், சீக்கிரம் எறிடா!" வேலைக்குக் கூப்பிடும் மதியச் சங்கு ஊதுமுன், சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக் கதவில் கரிவட்டம் போட்டு, காகித வால் கட்டிய ஆணிகளை எறிந்தபோதும் அவன் இப்படித்தான் கத்துவான். தோற்றவன் ஜெயித்தவனின் மூட்டைகளையும் அன்று மதியம் சேர்த்துச் சுமக்க வேண்டும். மாவுத்தூசி இப்போதும் குண்டனின் மூக்கில் ஏறுகிறது. அம்பு பறக்கிறது. டொக். பட்டையில்தான். அரங்கமே எழுந்து கூவுகிறது. கோப்பையைத் தூக்கும்போது தோள் கெஞ்சுகிறது. "இதுக்கே முக்குறியே! கிடங்குல ஆடின கடைசி ஆட்டத்துல எங்கிட்ட தோத்தது ஞாபகம் இருக்கா?" என்கிறான் நெட்டையன். இருக்கிறது. அன்று மதியச் சங்கு ஊதவே இல்லை. கிடங்கை ஒரேயடியாக இழுத்து மூடிவிட்டார்கள். நெட்டையனுக்காகச் சுமக்க வேண்டிய ஒரு மதியத்து மூட்டைகள் இன்னும் பாக்கி.