விடைக்குறிப்பில் இல்லாத விடை

பூஜ்யத்தைப் பார்த்ததும் சிவரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தக் கூறுகெட்ட ஆளு இதைத் திருத்துனது?" என்று விடைத்தாள் நகலை மேசைமேல் போட்டாள்.

எதிரே சத்தியப்பிரியா நின்றிருந்தாள். சிவரஞ்சனியின் மாணவிதான். கண்டரமாணிக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், காலையிலிருந்தே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாளாம். உள்ளே வேறு இரண்டு ஆசிரியர்கள் சும்மாத்தான் இருந்தார்கள். அவர்களிடம் போகாமல், சிவரஞ்சனி லேப் முடிந்து வரும்வரை நேரத்தைக் கோட்டை விட்டிருக்கிறாள்.

மணி மூன்றே கால். மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தைத் தேர்வுப் பிரிவில் நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். துறை ஆசிரியர் யாராவது ஒருவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்றுதான் கடைசி நாள்.

சத்தியப்பிரியா வாங்கியது நாற்பத்து நான்கு. ஐம்பது இருந்தால் பாஸ். மற்ற பாடங்கள் எல்லாம் தேறியாயிற்று. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் காத்திருக்கிறது. இந்த ஒரு தாளில் விழுந்தால் அது வேறு யாருக்கோ போய்விடும். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் எட்டு மார்க் கேள்வி. அடைப்புக்குறிகள் எத்தனை திறந்தாலும் அத்தனையும் முறையாக மூடியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட வரிசைகளை மட்டும் உண்டாக்கும் விதிகளை எழுதச் சொல்லியிருந்தார்கள்.

ரெகுலர் கிராமர் என்ற எளிய விதிவகையால் இது ஆகாது. எத்தனை திறந்தோம் என்று அதற்கு நினைவு வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கத் தெரிந்த கான்டெக்ஸ்ட் ஃப்ரீ கிராமர்தான் வேண்டும். இதை எட்டு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருக்கிறாள் சிவரஞ்சனி. பாதிப் பேர் மனப்பாடம் செய்து வந்து அப்படியே கொட்டிவிட்டுப் போவார்கள்.

விடைக்குறிப்பில், அதாவது கீயில், மூன்று விதிகள். எல்லாப் புத்தகத்திலும் இருப்பவை.

சத்தியப்பிரியா இரண்டே விதிகளில் முடித்திருந்தாள். ஒரு குறியைத் திற, உள்ளே இதே விதிப்படி வேண்டியதை வை, மூடு, அப்புறம் தொடர். இல்லையென்றால் ஒன்றும் எழுதாமல் விடு. அவ்வளவுதான்.

சிவரஞ்சனி பென்சிலை எடுத்து அடுத்தடுத்து மூன்று ஜோடி போட்டுப் பார்த்தாள். வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு போட்டாள். அதுவும் வந்தது. மூடாமல் ஒன்றாவது தப்பி வருமா என்று இரண்டு நிமிடம் மல்லுக்கட்டினாள். வரவில்லை.

எட்டுக்கு எட்டு போட வேண்டிய விடை. வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்காதது. தானாக யோசித்திருக்கிறது இந்தப் பிள்ளை.

அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் பூஜ்யம். கீழே ஆங்கிலத்தில், 'கீயில் இல்லை' என்று ஒரு கிறுக்கல்.

கீயில் இல்லையாமே! கீயைப் பார்த்து டிக் அடிக்க வாத்தியார் எதற்கு? ஜெராக்ஸ் கடைக்காரரே போதுமே. ஒரு நிமிடம் நின்று வாசித்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? திருத்த வந்தது பதினைந்து பேர். அதில் எந்த மகராசனோ. திருத்தியவர் எண்ணை நகலில் மறைத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் நேரில் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள்.

சத்தியப்பிரியா துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அதுவும் சிவரஞ்சனிக்கு எரிச்சலாக இருந்தது. பறிகொடுத்தவள் அவள். கொதிக்க வேண்டியவளும் அவளல்லவா?

விண்ணப்பத்தை இழுத்துக் காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள். திருத்தியவர் விடையைப் படிக்கவே இல்லை. கீயை மட்டும் பார்த்திருக்கிறார். கோபத்தில் பேனா அழுந்தி அடுத்த பக்கம்வரை தடம் விழுந்தது.

கையெழுத்துப் போட இடம் வேண்டி நகலைத் தள்ளினாள். இரண்டு தாள்களும் அருகருகே வந்தன.

இரண்டிலும் 'கீ' என்ற அந்த ஆங்கிலச் சொல் இருந்தது. முதல் எழுத்தின் கால் நீண்டு மேலே சுருண்டிருந்தது. கடைசி எழுத்தின் வால் அடுத்த வரிவரை இறங்கியிருந்தது. இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான்.

சிவரஞ்சனி இரண்டு தரம் பார்த்தாள். மூன்றாம் தரம் தேவைப்படவில்லை.

வைகாசியில் அவளும் திருத்தினாள். தாள்களில் பெயர் இருக்காது, யாருடையது யாரிடம் வரும் என்று தெரியாது. கடைசி நாளன்று கண்டனூரில் கொழுந்தன் கல்யாணம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டை அதற்காகத் திறந்திருந்தார்கள். பெண் அழைப்புக்குள் மூத்த மருமகள் வந்து நிற்காவிட்டால் பங்காளி வீட்டு ஆச்சிமார் பேசியே கொன்றுவிடுவார்கள். இன்னும் இருபத்திரண்டு தாள்கள் மிச்சமிருந்தன. கீயை முழங்கைக்கடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் தள்ளிவிட்டு ஓடினாள். காரில் ஏறியபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

காது மடலெல்லாம் சுட்டது. தலையைத் தூக்க வெட்கமாக இருந்தது. இரண்டு வருடம் போர்டைப் பார்த்து இந்தக் கையெழுத்தை எழுதி எடுத்தவள் எதிரே நிற்கிறாள்.

தெரிந்தேதான் வந்தாயா என்று கேட்டாள்.

சத்தியப்பிரியா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"மத்த சார்மாருகிட்டக் காட்டுனா உங்களைத்தான மேடம் ஏசுவாக."