பத்து நாள் தண்ணியில்லாமல்

"அப்பா, உங்களுக்குக் கொஞ்சமும் மனச்சாட்சி இல்லையோ?"

ரொறன்ரோவிலிருந்து ரெண்டு கிழமை லீவில் வெள்ளவத்தைக்கு வந்த நிருஷாவுக்கு முதல் நாளே பத்திக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்?

கீழ் வீட்டு மஜீட் அங்கிளுக்கு எழுபது வயது. பின்னேர அசர் தொழுதுவிட்டு, மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்து, குசினியில் வாளி நிரப்பி, பல்கனியில் இருந்த அத்தனை ரோசாச் சாடிக்கும் தண்ணி ஊத்தினார், பாவம் மனுசன். தனிக்கட்டை அப்பா சிவபாதசுந்தரமோ கதிரையில் சாய்ந்துகொண்டு, மூலைச் சாடியை விட்டிட்டீர் என்று அதிகாரம் பண்ணினார். கேட்டால், தோள்மூட்டு ஒப்பரேசனுக்குப் பிறகு வாளி தூக்க ஏலாதாம், ஒவ்வொரு நாளும் மஜீட்தான் வந்து ஊத்துறாராம்.

அடுத்த நாளே நிருஷா பூங்கண்டுக் கடைக்கு ஓடினாள். பத்து நாள் தண்ணி காட்டாவிட்டாலும் சாகாத கண்டுதான் வேணும் என்று ஒற்றைக் காலில் நின்று, கற்றாழை, கள்ளி, கடதாசிப்பூ எல்லாம் பொறுக்கினாள். தண்ணி தேங்காமல் இருக்க மண்ணோடு மணல் கலந்து தானே நட்டாள். ரோசாக்கள் கேற்றில் காவல் நிற்கிற வோச்சர் வீட்டுக்குப் போயின.

அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் வந்த மஜீட் அங்கிளிடம் பெருமையாகவே சொன்னாள்.

"இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை அங்கிள். இந்த வயசில ஏறி இறங்கத் தேவையில்லை."

"நல்லம் மகள்," என்றார் அவர். வழக்கமான தேத்தண்ணியும் ஊர்க்கதையும் இல்லாமல் இறங்கிப் போனார்.

பிறகு ஒரு பின்னேரமும் அவர் வரவில்லை. அப்பா டிவியைப் போட்டுவிட்டு வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்டுகள் மட்டும் ஜம்மென்று நின்றன.

புறப்படுகிற நாள். கீழே வான்காரன் ஹோர்ன் அடித்தான். பாஸ்போட்டைத் தேடி எடுத்துக்கொண்டு நிருஷா திரும்பினால், அப்பா அவளுடைய பாரச் சூட்கேசை, ஒப்பரேசன் செய்த அதே கையால் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறார்.

"அப்பா, தோள்?"

"அது சுகமாகி ரெண்டு வருசம், பிள்ளை."

நிருஷா பின்னாலேயே ஓடி இறங்கினாள். கீழே மஜீட் அங்கிளின் கதவு சாத்திக் கிடந்தது. தட்டிக் கூப்பிடுங்கோ, சும்மா வந்து இருக்கச் சொல்லுங்கோ என்று அழாக்குறையாகக் கெஞ்சினாள்.

அப்பா சூட்கேசைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சும்மா கூப்பிடத் தெரியாது பிள்ளை. அவருக்குச் சும்மா வரத் தெரியாது. அதுக்குத்தான் அந்த ரோசாக்கள்."