1215ஆம் வரி

"எல்லா வரியும் புரிஞ்சுடுச்சு ஆன்ட்டி. இந்த ஒரு வரி மட்டும் எதுக்கு இருக்குன்னே தெரியல" என்று மஹ்விஷ் நிரல் அச்சான அந்த அகலமான பழைய தாளைத் திருப்பி வைத்தாள்.

ஸ்ரீரஞ்சனி குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. 1215ஆம் வரி. முப்பத்தேழு ஆண்டுகளாக அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும் வரி.

பக்கத்து நாற்காலியில் கணவர் ராமானுஜம். அவர் காதில் விழக்கூடாது என்றுதான் சந்தேகம் கேட்க மஹ்விஷ் கூப்பிட்டதும் மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகரில் அவள் அலுவலகத்துக்குத் தனியாகக் கிளம்பினாள். ஆட்டோ வந்து நின்றதும் அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

1988இல் ராமானுஜத்தின் தகப்பனார் தெற்கு மாட வீதியில் கணினி ஜாதக நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு நிரல் எழுத வந்தவள்தான் ஸ்ரீரஞ்சனி. விஞ்ஞானக் கணக்குக்கு ஃபோர்ட்ரான், அலுவலகக் கணக்குக்குக் கோபோல், புதிதாகக் கற்பவருக்கு பேசிக் என்று ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு காரியத்துக்காகப் பிறந்தது எனப் படித்துத் தேறியவள். கிரகக் கணக்குக்கு ஃபோர்ட்ரான்தான் பொருத்தம். ஆனால் பெரியவர் வாங்கியிருந்த சின்ன இயந்திரத்துக்குத் தெரிந்தது பேசிக் மட்டுமே. அதில் வரிக்கு வரி எண் உண்டு. பின்னால் எதையாவது செருக வேண்டுமே என்று எண்களைப் பத்துப் பத்தாக விட்டு எழுதுவார்கள். வேண்டாத பகுதியை அழிக்காமல், 'இன்ன எண்ணுக்குத் தாவு' என்று கட்டளையிட்டுக் கடந்துபோவதும் அந்நாள் வழக்கம்.

நிரல் முடிவதற்குள் அவளுக்கும் ராமானுஜத்துக்கும் மனம் ஒன்றிவிட்டது. பெரியவர் மறுப்புச் சொல்லவில்லை. ஜாதகம் பொருந்தினால் நானே முன்னின்று நடத்துகிறேன், என் மிஷின் சொல்லட்டும் என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை 1210க்கும் 1220க்கும் நடுவில் ஸ்ரீரஞ்சனி ஒரு வரியைச் செருகினாள். தங்கள் இருவரின் பிறந்த தேதிகள் வந்தால், கணக்கு என்ன சொன்னாலும், 'உத்தமம்' என்று அச்சிடு.

மறுநாள் பெரியவரே விசையைத் தட்டினார். உத்தமம் என்றே வந்தது. தை மாதம் கல்யாணம்.

அதன்பின் மருமகளை அந்த மிஷின் முன்னால் அவர் உட்காரவிடவில்லை. அவள் பள்ளிக்கூட வேலைக்குப் போனாள். வரி அங்கேயே தங்கிவிட்டது. முதல் கர்ப்பம் தங்காமல் போனபோதும், போன வருஷம் ராமானுஜத்தின் நெஞ்சைத் திறந்து அறுவை செய்தபோதும், ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அவள் நினைத்தது அந்த வரியைத்தான். பொருந்தாததைப் பொருந்தும் என்று சொல்லவைத்தவள் நான்தானே?

இப்போது மகன் ஸ்ரீநாத், அந்த நிரலைக் கைப்பேசிக்கு ஏற்றபடி புதிய மொழியில் மாற்ற மஹ்விஷிடம் கொடுத்துவிட்டான். ராமானுஜம் ஒரு மாதமாக மல்லுக்கு நின்றார். ஓடுவதை ஏன் தொடவேண்டும், பழையதைப் படிக்காமல் புதிதாகவே எழுதச் சொல் என்று மகனோடு வாதாடிப் பார்த்தார். வயசான பிடிவாதம் என்று ஸ்ரீரஞ்சனி நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரோட பிறந்த தேதிய அப்படியே எழுதி வச்சிருக்காங்க. இவங்க வந்தா உத்தமம்னு போட்டுடணுமாம். யாரோ நல்லா கோல்மால் பண்ணியிருக்காங்க ஆன்ட்டி" என்று மஹ்விஷ் சிரித்தாள். "பையன் பொறந்தது அறுபத்தொண்ணு, செப்டம்பர்..."

இனி மறைத்துப் பயனில்லை என்று ஸ்ரீரஞ்சனி வாயைத் திறந்தாள். ஆனால் எழுந்த குரல் அவளுடையதன்று.

"அதை எழுதினது நான்தாம்மா" என்றார் ராமானுஜம். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ பாட்டுக்கு அதை வெட்டிப் போட்டுடு."

பேசிக்கில் தன் பெயரைக்கூட அச்சிடத் தெரியாத மனிதர். ஸ்ரீரஞ்சனி அவரையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. உன் பின்னாடிதானே நின்னுண்டிருந்தேன். நம்ம தேதி எனக்குத் தெரியாதா?"

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? அதை அழிச்சுட்டு, சரியா என்ன வரதுன்னு மறுபடி ஓட்டிப் பார்ப்பே. உன் சுபாவம் அப்படி. வேற ஏதாவது வந்து தொலைச்சா நான் என்ன பண்றது?" அவர் குரல் தணிந்தது. "இன்னிக்கும் நீ தனியா மாட்டிக்கக் கூடாதுன்னுதான் கூட வந்தேன்."

மஹ்விஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாளில் சற்று மேலே விரலை வைத்தாள்.

"யாரு எழுதியிருந்தாலும் சரி அங்கிள், இந்த வரி ஒரு தடவகூட ஓடினதில்ல. மேல பாருங்க, 1190லயே 1300க்குத் தாவுன்னு இருக்கு. நடுவுல இருக்கறதெல்லாம் வேண்டாம்னு விட்ட பழைய பகுதி. அவசரத்துல அதுக்குள்ள போய்ச் செருகியிருக்காங்க. உங்களுக்கு வந்த உத்தமம் மிஷின் நெஜமாவே கணக்குப் போட்டுச் சொன்னது. அதான், இந்த வரி எதுக்கு இருக்குன்னு கேட்டேன்."

ஸ்ரீரஞ்சனி முதன்முறையாகக் குனிந்து அந்த வரியைப் பார்த்தாள்.