அந்த இன்னொருத்தி

"கையை எடு! அந்த ஒயரைச் சொருகின, ஆம்ப்ளிஃபயரையே தூக்கிப் போட்டு உடைச்சிடுவேன்!"

டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து அவன் எழுந்து வந்த வேகத்தில் சிம்பல் தட்டு மாட்டிய ஸ்டாண்ட் சாய்ந்து தரையில் விழுந்து அலறியது. 'இடி' என்று குழுவில் அவனுக்குச் சும்மா பேர் வைக்கவில்லை.

எதிரே பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவர் அவனுடைய அக்கா புருஷன். ஒயரைக் கீழே வைத்தார்.

"உன் அக்காதான் வரச் சொன்னா. சனிக்கிழமை கச்சேரிக்குப் பழைய ஆளுங்க எல்லாரும் வேணுமாம்."

"அவ சொல்லுவா. அவளுக்கு இளகின மனசு. எனக்கு அப்படியில்ல."

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்த ஒத்திகை அறையில் இன்னொருவனும் இருந்தான், கிட்டார் வாசிக்கும் சுருட்டை. "டேய் இடி, மாமாடா அவரு..." என்று இழுத்தான்.

"மாமாவா? இந்த ஆளா? நீ அந்த ஆல்பத்தைக் கேட்டியா இல்லையா?"

கேட்காதவர்கள் யார்? இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா குழுவை விட்டு விலகித் தனியாகப் பாட ஆரம்பித்தாள். அவளோடு பேஸ் கிட்டார் வாசித்த புருஷனும் போய்விட்டார். அவளுக்குப் பிறகு எந்தப் பாடகியும் குழுவில் நிலைக்கவில்லை. அவளுடைய முதல் ஆல்பம் வந்த சுவடே தெரியவில்லை. இரண்டாவது ஊரையே உலுக்கி எடுத்தது. கரகரத்துப் போன குரலில், பாட்டுக்குப் பாட்டு ஒரு 'நீ'யை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருந்தாள். அந்த 'நீ' யார் என்று அவளிடம் யாரும் விசாரிக்கவில்லை. கட்டிய புருஷனைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

அக்கா விட்டுப் போன கோபத்தில் அவள் வீட்டு வாசற்படியை மிதிக்காமலே இருந்த இடி, அந்த ஆல்பத்தைக் காரில் கேட்டான். வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதான். அன்றைக்கே போன் செய்தான். "வாக்கா, பழையபடி சேர்ந்து வாசிப்போம்." அவளும் சரி என்றாள். ஆனால் இந்த மனிதரையும் கூட்டி வருவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"சொல்லுய்யா," என்று நெருங்கினான் இடி. "'ஊமையாய்க் கிடந்தேன், என் இடத்தில் இன்னொருத்தி.' இந்த வரியை எழுதறப்ப அவளுக்கு எப்படி வலிச்சிருக்கும்? 'என்னிடம் சொல்லவில்லை நீ, ஊர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.' உனக்கு வெட்கமா இல்ல? யாரு அவ?"

"அதை உன் அக்காகிட்டயே கேளு."

"நீ பண்ணின அசிங்கத்தை அவ வாயால வேற சொல்லணுமா?"

அவர் குனிந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். அந்த நிதானம்தான் இடியின் தலைக்கு ஏறியது. இரண்டு கையாலும் அவரைப் பிடித்துத் தள்ளினான். அவர் சுவரில் போய் மோதினார். கிட்டாரின் கழுத்து ஆம்ப்ளிஃபயர் விளிம்பில் இடித்து, கம்பி ஒன்று அறுந்து அவர் கன்னத்தைக் கீறியது.

"டேய்!" என்று சுருட்டை குறுக்கே பாய்ந்தான்.

"விடுப்பா," என்றார் அவர். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, கிட்டாரைப் பையில் வைத்து மூடிவிட்டு வெளியே போனார்.

இடிக்கு இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு படாரென்று திறந்தது. அக்கா.

"படியில உட்கார்ந்திருக்காரு. கன்னத்துல ரத்தம். கேட்டா கம்பி பட்டுடுச்சுங்கறாரு. என்னடா பண்ணின?"

"உனக்காகத்தான்கா..."

"நான் கேட்டேனா? எனக்காகச் சண்டை போடுன்னு உன்கிட்ட வந்து நின்னேனா?"

"பின்னே? நீ அழுது அழுது எழுதியிருக்க, நான் அந்த ஆள்கூட தாளம் தட்டணுமா? எப்படிக்கா இன்னும் ஒரே வீட்ல இருக்க? வாயைத் திறந்து ஒரு வார்த்தை இல்லைன்னு சொன்னானா பாரு!"

"சொல்ல மாட்டாரு. சொல்லாதீங்கன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். கடைக்குப் போனா முகத்தைத் திருப்பிக்கறாங்க. ரோட்டுல நின்னு திட்டறாங்க. அத்தனையும் வாங்கிக்கிட்டு வந்து, 'இன்னிக்குத் தொண்டை எப்படியிருக்கு'ன்னு கேக்கற மனுஷன்டா அவரு. அவர் மேல கை வெச்சிட்டியே!"

சுருட்டை தலையைக் குனிந்துகொண்டான்.

"அவ்வளவு நல்லவனுக்கு எதுக்குக்கா இன்னொருத்தி?" இடி கத்தினான். "யாரு அவ? பேரை மட்டும் சொல்லு. இந்த ஊர்லயே தலைகாட்ட விடமாட்டேன்!"

அக்கா அவனை நேராகப் பார்த்தாள்.

"பேரு உனக்கே நல்லா தெரியும்டா. நான் தொண்டையில ஆபரேஷன் முடிஞ்சு பேச முடியாம ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, என் மைக் முன்னாடி நீயே கொண்டு வந்து நிறுத்தினியே ஒரு பாடகி... அவதான்."