உறையாத கடல்பாசி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பெண் பார்க்க வந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் ஜான்பீட்டர், குனிந்த தலை நிமிரவில்லை. தேவமணி நீட்டிய கிண்ணத்தில் கடல்பாசி இனிப்பு உறையாமல் தண்ணீராக ஆடியது.

சட்டென்று நிமிர்ந்தார்.

"கொதிக்கிறப்பவே எலுமிச்சை பிழிஞ்சீங்களா? பாசியோட மூலக்கூறுங்க நீளமான சங்கிலிங்க. ஆறுறப்ப ஒண்ணோட ஒண்ணு பின்னி, வலையாகித் தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். புளிப்புல கொதிச்சா சங்கிலி துண்டு துண்டாயிடுங்க!"

கால் மணி நேரம் அவளையே பார்த்துப் பேசினார்.

அடுப்படியில் அம்மா லூர்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மானமே போச்சுடி! ஈஸ்டருக்கு நல்லாத்தானே உறைஞ்சுது?"

"மாப்பிள்ளை வாயே திறக்க மாட்டாருன்னு தரகர் சொன்னாரில்ல? தப்பைப் பார்த்தா வாத்தியார் சும்மா இருப்பாரா? அதான் கொதிக்கிறப்பவே பிழிஞ்சேன்" என்று சிரித்தாள் தேவமணி. "குரல் நல்லாத்தான் இருக்கு. சரின்னு சொல்லிடும்மா."